களத்தில் ஜெயித்த லீ போரில் ஏன் தோற்றார்?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராபர்ட் லீதான் பெரிய தளபதி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஏன் தோற்றார்? ஒரு அடிமைகூட வைத்திராத ஏழை வெள்ளை விவசாயிகள் எதற்காக அவர் பின்னால் போய்ச் செத்தார்கள்?" பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. சண்டைகளை ஜெயித்துக்கொண்டே போன ஒருவர் போரில் எப்படித் தோற்றார் என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கான பதிலில் பாதி போர்க்களத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அந்த விவசாயியின் வீட்டு அடுப்படியிலும், அவன் ஊர்ப் பண்ணையாரின் பருத்திக் காட்டிலும் இருக்கிறது.

ஒரு கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு எடுத்தவன் நான். ராணுவத்தில் இருந்தவனில்லை. அந்தக் களங்களை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. அதனால் ஒரு குன்றை எந்தப் பக்கமிருந்து தாக்கியிருக்க வேண்டும் என்பதுபோன்ற விஷயங்களில் என் பேச்சை ரொம்ப நம்ப வேண்டாம். மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையைத் தெற்குப் படை சுட்டதில் போர் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்கள் 11. அவற்றின் மக்கள்தொகை சுமார் 90 லட்சம். அதில் 35 லட்சம் பேர் அடிமைகள். எதிரே வடக்கில் இரண்டு கோடிக்கு மேல். ரயில் பாதை வடக்கில் சுமார் 22,000 மைல், தெற்கில் 9,000. தொழிற்சாலை உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்கு வடக்கில். இதை மட்டும் பார்த்துவிட்டு, "தெற்கு தோற்றே ஆகவேண்டிய போர்" என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதுவார்கள். அது சரியில்லை. வடக்கைப் பிடிக்கவேண்டிய தேவை தெற்குக்குக் கிடையாது. எதிராளி சலித்துப் போய், "தொலையட்டும், தனியாகவே இருந்துகொள்ளட்டும்" என்று சொல்லும்வரை தாக்குப்பிடித்தால் போதும். அமெரிக்கர்களே எண்பது ஆண்டுக்கு முன்னால் பிரிட்டனிடம் அப்படித்தானே ஜெயித்தார்கள்.

தெற்கின் தளபதியான லீயின் திறமையும் அவருடைய பிழையும் இந்த இடத்தில்தான் சேர்ந்து வருகின்றன. 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் அவரிடம் இருந்தது சுமார் 60,000 பேர். எதிரே வடக்குத் தளபதி ஹூக்கரிடம் அதைப்போல இரண்டு மடங்கு. லீ தன் சிறிய படையைப் பிரித்தார், பிரித்ததை மறுபடியும் பிரித்தார், தனக்குக் கீழிருந்த தளபதி ஜாக்சனைக் காட்டு வழியே சுற்றி அனுப்பி எதிரியின் விலாவில் இடித்தார். ராணுவப் பள்ளிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வெற்றி அது. சேதத்தைப் பாருங்கள்: ஹூக்கருக்கு சுமார் 17,000, லீக்கு சுமார் 13,000. (சேதம் என்றால் செத்தவர் மட்டுமில்லை. காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்துத்தான். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் பாதிப் பேர் இதைப் பிணக்கணக்காக எழுதி வைப்பார்கள்.) எண்ணிக்கையில் லீக்குக் குறைவு. விகிதத்தில் பார்த்தால் ஐந்தில் ஒருவரை இழந்தார். ஹூக்கர் இழந்தது எட்டில் ஒருவரைவிடச் சற்றுக் கூடுதல். அதோடு ஜாக்சனை அவருடைய ஆட்களே இருட்டில் தவறுதலாகச் சுட்டு, எட்டாம் நாள் அவர் நிமோனியாவில் செத்துப்போனார். வடக்கில் அடுத்த ரயிலில் ஆள் வந்து இறங்குவான். தெற்கில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். இப்படி ஜெயித்தால் எத்தனை முறை ஜெயிக்க முடியும்?

இரண்டே மாதத்தில், வடக்கு மண்ணில் இருந்த கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில் சண்டை. ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள், இரு பக்கமும் சேர்த்து சுமார் 51,000 சேதம். மூன்றாம் நாள் மத்தியானம் லீ சுமார் 12,500 பேரைத் திறந்த வெளியில் முக்கால் மைல் நடக்கவைத்து மேட்டிலிருந்த பீரங்கிகளுக்கு நேராக அனுப்பினார். பாதிப் பேர் திரும்பவில்லை. தவறு தன்னுடையது என்று அன்றே அவர் சொன்னார் என்பதற்கு நேரில் பார்த்தவர்களின் சாட்சி உண்டு. லீயின் படைப்பிரிவு ஒன்று செருப்புத் தேடித்தான் கெட்டிஸ்பர்க்குக்குப் போனது, அதனால்தான் சண்டை மூண்டது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. அதை நான் வகுப்பில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தப் படைப்பிரிவின் தலைவர் பின்னால் சொன்ன சமாதானம் அது. ஊரில் அப்படியொரு செருப்புக் கிடங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

அதே ஊரில் நடந்த இன்னொன்று உறுதியானது. கெட்டிஸ்பர்க்கின் மொத்த ஜனத்தொகையே சுமார் 2,400. ஜென்னி வேட் என்ற இருபது வயதுப் பெண், குழந்தை பெற்றுப் படுத்திருந்த அக்காவுக்குத் துணையாக அவள் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் நின்று, வடக்குச் சிப்பாய்களுக்காக ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெளியிலிருந்து வந்த தோட்டா இரண்டு கதவுகளைத் துளைத்து அவள் முதுகில் பாய்ந்தது. ஒன்றரை லட்சம் பேர் மூன்று நாள் சுட்டுக்கொண்டதில் சண்டையில் நேரடியாகச் செத்த ஊர்க்காரர் அவள் ஒருத்திதான். அவள் பிசைந்த மாவில் அம்மா பிறகு ரொட்டி சுட்டுக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். லீயும் வடக்குத் தளபதி மீடும் ஊரைவிட்டுப் போன பிறகு 20,000-க்கு மேற்பட்ட காயம்பட்டவர்கள் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடந்தார்கள். அந்த 2,400 பேர்தான் வாரக்கணக்கில் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

கெட்டிஸ்பர்க் முடிந்த மறுநாளே, ஜூலை 4, மேற்கே மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான விக்ஸ்பர்க் வடக்குத் தளபதி கிராண்ட்டிடம் சரணடைந்தது. 47 நாள் முற்றுகை. ஊர்க்காரர்கள் மண்மேட்டைக் குடைந்து குகையில் வாழ்ந்தார்கள், கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். பேப்பர் தீர்ந்துபோய், சுவரில் ஒட்டும் வண்ணத்தாளின் பின்பக்கத்தில் செய்தித்தாள் அச்சடித்தார்கள். சுமார் 29,000 பேர் கொண்ட ஒரு முழுப் படை பிடிபட்டது, சில நாளில் மிசிசிப்பி ஆறு முழுவதும் வடக்கின் கைக்கு வந்தது, தெற்கு நடுவில் இரண்டாகப் பிளந்தது. கெட்டிஸ்பர்க்தான் திருப்பம் என்பது பொதுவான பேச்சு. என்னைக் கேட்டால் விக்ஸ்பர்க்கைத்தான் சொல்வேன். ஆனால் இது என் அபிப்பிராயம்தான். பெரிய அறிஞர்களே இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

கிராண்ட் பார்வைக்கு எடுப்பான ஆள் இல்லை. ராணுவத்தை விட்டு வெளியே வந்து, விறகு விற்று, கடைசியில் அப்பாவின் தோல் கடையில் தம்பிகளோடு வேலை பார்த்தவர். ஆனால் லீயிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: ஒரு சண்டையை அடுத்த சண்டையோடு கோக்கத் தெரிந்தது. 1864-இல் வடக்கின் எல்லாப் படைகளுக்கும் தலைமை கைக்கு வந்ததும், ஐந்து முனைகளில் ஒரே நேரத்தில் நகரச் சொன்னார். ஒரு முனையில் ஆளைக் குறைத்து இன்னொரு முனைக்கு அனுப்ப தெற்குக்கு வழியிருக்கக் கூடாது. இதைக் கேட்ட லிங்கன், விலங்கைத் தோலுரிக்க முடியாதவன் அதன் காலையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்றார். தோல் பதனிடுபவரின் மகனான கிராண்ட்டுக்கு அது நன்றாகவே புரிந்திருக்கும்.

அந்த மே மாதம் வில்டர்னஸ் காட்டில் இரண்டு நாள் சண்டை, வடக்குக்குப் பெரிய அடி. அதற்கு முன்னால் இருந்த வடக்குத் தளபதிகள் ஒவ்வொருவரும் இப்படி அடிபட்டதும் வடக்கே திரும்பிப்போய் ஆறப்போட்டார்கள். இரவில் படை கிளம்பி ஒரு சாலைச் சந்திக்கு வந்தது. கிராண்ட்டின் குதிரை தெற்கே திரும்பியது. அதைப் பார்த்த சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். முந்தின நாள்தான் கூட்டாளிகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். வில்டர்னஸையும் சேர்த்து ஆறேழு வாரத்தில் கிராண்ட்டுக்கு சுமார் 55,000 சேதம். வடக்குப் பத்திரிகைகள் அவரைக் கசாப்புக்காரர் என்றன. கோல்ட் ஹார்பரில் ஜூன் 3 அன்று அவர் விட்ட தாக்குதல் வீண் என்று அவரே பிற்பாடு தன் வாழ்க்கை நினைவுக் குறிப்பில் வருந்தி எழுதினார். அந்தத் தாக்குதலுக்கு முந்தின இரவு சிப்பாய்கள் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிச் சட்டை முதுகில் தைத்துக்கொண்டார்கள் என்பது ஒரு அதிகாரி பல ஆண்டு கழித்து எழுதியது. நடந்திருக்கலாம். அந்த ஒரு சாட்சியை மட்டும் வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த ஏழை விவசாயிக்கு வருவோம். இதில் முதலில் பிரிக்கவேண்டியது: தெற்கு ஏன் பிரிந்தது என்பது ஒரு கேள்வி, ஒரு சிப்பாய் ஏன் சண்டைக்குப் போனான் என்பது வேறு கேள்வி. முதலாவதில் சந்தேகமே இல்லை. மிசிசிப்பி மாநிலம் பிரியும்போது வெளியிட்ட அறிக்கை, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்க ஒன்றியது என்று முதல் பத்திகளிலேயே சொல்கிறது. தெற்கின் துணை அதிபர் ஸ்டீவன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச்சில் மேடையில் பேசினார். "மாநில உரிமைக்காகப் பிரிந்தோம், அடிமை முறை சும்மா ஒரு சாக்கு" என்பது தோற்ற பிறகு கட்டிய கதை. லீ பிழையே செய்யாதவர், வெறும் ஆள் எண்ணிக்கையில்தான் தோற்றார் என்பதும் அதே ஆட்கள் அதே சமயத்தில் கட்டியதுதான். நீங்கள் கேள்விப்பட்ட "எல்லாரும்" பெரும்பாலும் அங்கிருந்து வருகிறவர்கள்.

இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபமில்லை. பிரிந்த மாநிலங்களில் மூன்றில் ஒரு குடும்பம் அளவுக்கு அடிமை வைத்திருந்தது. மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் கிட்டத்தட்டப் பாதி. மீதிப் பேருக்கும் மாமனோ சித்தப்பனோ வைத்திருப்பார், அறுவடைக்கு வாடகைக்கு எடுப்பார்கள், நாளைக்கு நாமும் ஒருவனை வாங்குவோம் என்ற ஆசை இருக்கும். எதுவுமே இல்லாதவனுக்கும் ஒன்று இருந்தது: எவ்வளவு தாழ்ந்தாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு. இதை நம் ஊர் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அப்புறம் சாதாரணக் காரணங்கள்: ஊர்ப் பையன்கள் எல்லாரும் போனார்கள், போகாதவனைப் பெண்கள் கேலி செய்தார்கள், எதிரிப் படை தன் மண்ணுக்குள் வந்துவிட்டது. 1862 ஏப்ரலிலிருந்து கட்டாய ஆள்சேர்ப்பும் வந்துவிட்டது. சிப்பாய்களின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, அவற்றில் இதெல்லாம் கலந்து கிடக்கிறது. எழுதத் தெரிந்தவன் எழுதியதுதான் நமக்கு வந்திருக்கிறது என்பதையும், அதுவும் அம்மாவுக்கும் மனைவிக்கும் எழுதியது என்பதையும் மறக்கக் கூடாது. அம்மாவுக்கு யார் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள்?

அந்த ஒட்டுறவு எங்கே கிழிந்தது என்பதற்கு மட்டும் தெளிவான தடயங்கள் உண்டு. 1862 அக்டோபரில், 20 அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளை ஆணைப் படையிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. காசுள்ளவன் தனக்குப் பதில் ஆள் அமர்த்தவும் வழி இருந்தது. "பணக்காரன் போர், ஏழை சண்டை" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. (வடக்கும் சுத்தமில்லை. அங்கே 300 டாலர் கட்டினால் விலக்கு. 1863 ஜூலையில் நியூயார்க்கில் ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய கலவரம், கறுப்பின மக்களை வேட்டையாடுவதில் போய் முடிந்தது.) பிறகு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி, படைக்கு என்று சொல்லி மாட்டையும் தானியத்தையும் பிடுங்கிக்கொண்டு போனது, அரசு அச்சடித்துத் தள்ளிய நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போனது.

1863 ஏப்ரல் 2 காலையில் தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆளுநர் வீட்டுக்குப் போய் உணவு கேட்டார்கள். பதில் சரியில்லை. கோடரியும் கத்தியுமாகக் கடைத்தெருவுக்குள் புகுந்து ரொட்டி, மாவு, பன்றி இறைச்சி என்று அள்ளினார்கள். சிலர் துணிமணியும் நகையும்கூட. தெற்கின் அதிபர் டேவிஸ் ஒரு வண்டிமேல் ஏறி நின்று தன் பையிலிருந்த காசை எல்லாம் கூட்டத்தில் வீசினார். பிறகு கடிகாரத்தை எடுத்து, ஐந்து நிமிடத்தில் கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்றார். இந்தச் செய்தியைப் போட வேண்டாம் என்று பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது அரசு. தபாலில் அது போகாமலா இருக்கும்? குழந்தைகள் பட்டினி, சோளம் விதைக்க ஆள் இல்லை, நீ வருகிறாயா இல்லையா என்று வீட்டிலிருந்து கடிதம் வந்தால், எத்தனை தைரியசாலியும் ராத்திரியில் முகாமைவிட்டு நழுவத்தான் செய்வான். 1864 செப்டம்பரில் டேவிஸே மேக்கன் நகரில் பொதுக்கூட்டத்தில் சொன்னார்: நம் ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு படையில் இல்லை, பெரும்பாலோர் அனுமதி இல்லாமலே போனவர்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் வடக்குத் தளபதி ஷெர்மன் தெற்கின் அட்லாண்டா நகரைப் பிடித்திருந்தார். நவம்பரில் லிங்கன் மறுபடியும் ஜெயித்தார். வடக்கு சலித்துப்போகும் என்ற கணக்கு அத்தோடு தீர்ந்தது.

பருத்தியும் கைகொடுக்கவில்லை. பஞ்சை நிறுத்தினால் பிரிட்டனின் லங்காஷயர் ஆலைகள் மூடும், பிரிட்டன் ஓடிவந்து நம் பக்கம் நிற்கும் என்று தெற்கு நம்பியது. ஆலைகள் மூடத்தான் செய்தன. பிரிட்டன் இந்தியாவிடமும் எகிப்திடமும் பஞ்சு வாங்கிக்கொண்டது. பம்பாயில் பணம் கொட்டி, போர் முடிந்த 1865-இல் வங்கிகள் சரிந்த கதை இதன் மறுபக்கம். நம் கரிசல் காட்டுப் பருத்திக்கும் அந்த நான்கு வருடம் நல்ல விலைதான்.

நீங்கள் கேட்காத ஒரு கூட்டமும் இந்தப் பதிலில் உண்டு. அவர்களை விட்டுவிட்டு லீ ஏன் தோற்றார் என்று சொல்லவே முடியாது. 1861 மே 23 இரவு, வர்ஜீனியாவில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மாலரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் துடுப்புப் போட்டு மன்ரோ கோட்டைக்குப் போனார்கள். கோட்டை வடக்கின் கையில் இருந்தது. மறுநாள் எஜமானின் சார்பில் ஒரு அதிகாரி வெள்ளைக்கொடியோடு வந்து, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்றார். கோட்டைத் தலைவர் பட்லர் தொழிலில் வக்கீல். வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்று சொல்லிக்கொள்கிறது. வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்து என்று சொல்லி அந்த மூன்று பேரையும் "பறிமுதல்" செய்தார். விடுதலை என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. லிங்கனும் அப்போது அதைச் சொல்லத் தயாராக இல்லை. ஆனால் சில வாரத்தில் அந்தக் கோட்டை வாசலில் நூற்றுக்கணக்கில் ஆட்கள், கைக்குழந்தைகளோடு. போர் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் பேர் இப்படி நடந்தே வடக்குப் படையிடம் வந்து சேர்ந்ததாகக் கணிக்கிறார்கள். இந்த முகாம்களில் அம்மையிலும் காய்ச்சலிலும் நிறையப் பேர் செத்தார்கள். எண்ணி வைத்தவர் இல்லை.

தெற்கின் வயலும் சமையலும் அகழி வெட்டுவதும் அவர்கள் கையில்தான் இருந்தன. ஒருவர் ஓடினால் தெற்குக்கு ஒரு கை குறைந்தது, வடக்குக்கு ஒரு கை கூடியது. 1863-இலிருந்து துப்பாக்கியும் கொடுத்தார்கள். தரைப்படையில் மட்டும் சுமார் 1,79,000 கறுப்பினச் சிப்பாய்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம். மாசசூசெட்ஸின் 54-ஆவது படைப்பிரிவு அந்தச் சம்பளத்தைத் தொடமாட்டோம் என்று மறுத்து, சம்பளமில்லாமலே மாதக்கணக்கில் சண்டை போட்டது. அவர்கள் கணக்கில் லீ எவ்வளவு பெரிய தளபதி என்று யாரும் கேட்டதில்லை.

மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள் என்றும் அடிக்கடி கேட்பார்கள். பழைய பாடப்புத்தகங்களில் 6,20,000. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2011-இல் ஒரு ஆய்வு 7,50,000 என்றது. 2024-இல் வந்த இன்னொன்று 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்கிறது. ஆக, ஏழு லட்சத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி தோட்டாவில் இல்லை, வயிற்றுப்போக்கிலும் டைபாய்டிலும். கிராமத்தை விட்டு வெளியே வந்திராத பையன்கள் முகாமுக்கு வந்த முதல் மாதத்திலேயே தட்டம்மையில் போனார்கள்.

1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாடாக்ஸில் ஒரு வீட்டு முன்னறையில் லீ சரணடைந்தார். லீ புத்தம்புது உடையில் வாளோடு வந்தார். கிராண்ட் சேறு தெறித்த சாதாரணச் சிப்பாய்ச் சட்டையில். தெற்குச் சிப்பாய்கள் பலர் சொந்தக் குதிரையோடு வந்தவர்கள் என்று லீ சொன்னதும், உழவுக்கு வேண்டியிருக்கும், வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று கிராண்ட் விட்டுவிட்டார். பட்டினியாக இருந்தவர்களுக்கு 25,000 பேருக்கான ரேஷனும் அனுப்பினார். உங்கள் ஏழை விவசாயி அப்படித்தான் ஊர் திரும்பினான், விதைப்புக்கு நேரத்தில்.

கடற்கரைப் பகுதியில் ஷெர்மன் அந்த ஜனவரியில் போட்ட உத்தரவின்படி, விடுதலையானவர்கள் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக்கொண்டு பயிரிட்டு வந்தார்கள். லிங்கனுக்குப் பின் அதிபராக வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அக்டோபரில் எடிஸ்டோ தீவில் அதைச் சொல்ல வடக்குப் படையின் ஜெனரல் ஹோவர்டு வந்தார். போரில் வலது கையை இழந்தவர். சர்ச் நிறைய ஜனம். அவர் பேச்சு காதில் விழாத அளவுக்குக் கூச்சல். பண்ணையார்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தீவு மக்கள் குழுவாக உட்கார்ந்து பதில் எழுதினார்கள். உங்களுக்குப் போனது ஒரு கைதான், நீங்கள் மன்னிக்கலாம் என்றது அந்தக் கடிதம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் அம்மாவையும் சகோதரியையும் துணியை உரித்து அடித்தவனை என்னால் மன்னிக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள்.